கசந்த பட்டையும் இனித்த பொய்யும்

பிறருடைய வயதை எழுதியே தன் வயதைக் கழிப்பது தோட்டத்துக் கிராணியின் தொழில். செக்ரோலில் பெயர், வயது, வேலை நாள், சம்பளம் என்று கட்டங்களை நிரப்பி நிரப்பி நமக்கும் முப்பத்தாறு ஆகிவிட்டது. அத்தகைய நாம், நூற்றிருபது ஆண்டு வாழ்வோர் நிறைந்ததென்று உலகம் ஒரு காலத்தில் நம்பிய ஊரொன்றைக் கண்டுவரப் புறப்பட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. "செம்பனைத் தோட்டத்துக் கிராணிக்குத் தென் அமெரிக்கா எதற்கு?" என்று வீட்டார் கேட்டனர். பத்தாண்டுச் சேமிப்பைக் காட்டி வாயடைத்துவிட்டுப் பயணமானோம்.

ஊரின் பெயர் வில்கபம்பா. ஈக்குவடார் நாட்டின் தென்கோடியில், லோஹா மாகாணத்தில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர். தலைநகராகிய கீட்டோவிலிருந்து கத்தமாயோவுக்கு விமானத்தில் வந்து, லோஹா நகரில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலை பஸ் ஏறினோம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பஸ் முதலில் மேகத்துக்குள் ஏறிற்று. கஹனூமா என்னும் மேட்டைக் கடந்ததும் இறங்கத் தொடங்கிற்று. இறங்க இறங்கப் போர்த்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் களைந்தோம். மலக்காத்தோஸ் என்னும் ஊரை நெருங்கியபோது கரும்பும் வாழையும் கண்ணிற்பட்டன. பூமியின் மறுபுறத்துக்கு வந்தும் பழகிய இடத்துக்கு வந்தாற்போன்ற மயக்கம் உண்டாயிற்று.

வில்கபம்பாவின் நடுவே ஒரு சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் மாதா கோயில். தலைக்கு மேல் மந்தங்கோ என்னும் குன்று, மல்லாந்து படுத்த மனிதனின் முகம்போல். தங்கிய விடுதியில் பச்சை வாழைக்காயைக் குழைய வேகவைத்துப் பாலாடைக்கட்டி சேர்த்த 'ரெப்பே' என்னும் கஞ்சியைக் கொடுத்தார்கள். மக்காச்சோள மாவைக் கல்வாழை இலையில் பொதிந்து அவித்த பண்டத்துக்குப் பெயர் 'தமால்' என்றார்கள். பெயரைக் கேட்டு நாம் சிரித்தோம். காரணம் அறியாமலே விடுதிக்கார அம்மையாரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அவ்வூரில் பெருவிலைக்குப் போவது உணவன்று, ஆயுள். 'நீடாயுள் பள்ளத்தாக்கு' என்னும் பெயர் பலகைகளில் தொங்குகிறது. குடிநீர்ப் புட்டியிலும் காப்பிப் பொட்டலத்திலும் ஒட்டியிருக்கிறது. அந்நீரையும் காற்றையும் நம்பி வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து நிலம் வாங்கிக் குடியேறினோர் பலர். அதனால் நிலத்தின் விலை ஏறிற்று. உழுதவன் பிள்ளை உழுத நிலத்தை வாங்க இயலாதவனானான்.

இப்புகழ் வந்த கதையைச் சொல்லவேண்டும். 1971இல் எடுத்த குடிக்கணக்கில் அவ்வூரின் 819 பேரில் ஒன்பதின்மர் நூறு வயதைக் கடந்தவர் என்று பதிவாயிற்று. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் அலெக்ஸாந்தர் லீப் என்னும் பேராசிரியர் நேரிற் சென்று கண்டு, 1973இல் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் எழுதினார். உலகம் திரண்டு வந்தது. சிலர் தண்ணீர்தான் காரணம் என்றனர். சிலர் உணவு என்றனர். சிலர் மலைக்காற்று என்றனர். காரணம் தேடியவர்கள் எல்லாரும் காரியம் உண்மைதானா என்று கேட்க மறந்தார்கள்.

கேட்டவர்கள் இருவர். ரிச்சர்டு மேசஸ், சில்வியா போர்மன் என்னும் ஆய்வாளர்கள், கிழவர்களின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு ஏடுகளைப் பிரித்தார்கள். பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒரே பெயரைப் பலருக்கு இடும் வழக்கம் அங்கு உண்டாதலால், ஒருவருடைய பிறப்பேடு மற்றொருவருடையதாக மயங்கியிருந்தது. ஒரு பெரியவர் தமக்கு 61 ஆனபோது 70 என்றார். ஐந்தாண்டு கழித்து 80 என்றார். 87இல் 121 என்றார். 1979இல் அவ்விருவரும் வெளியிட்ட முடிவு இது: நூறு வயது கண்டவர் அவ்வூரில் ஒருவருமில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டவர்களின் மெய்யான சராசரி வயது 86, மூத்தவருக்கு 96. கிழவர் தொகை மிகுந்து தோன்றியதற்கும் காரணம் தண்ணீரன்று. இளைஞர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டனர், முதியோர் தங்கிவிட்டனர். இதைப் படித்தபோது நம் தோட்டத்து லயங்கள் கண்முன் வந்தன. மாலையில் திண்ணைகளில் அமர்ந்திருப்போரைக் கண்டு, இதுவும் நீடாயுள் பள்ளத்தாக்கென்று ஒருவர் எழுதிவிடக்கூடுமே!

நிற்க. ஏட்டைப் பிரித்து உண்மை கண்ட அவ்விருவரை நாம் மெச்சினோம். அவர்கள் செய்தது கிராணி வேலையன்றோ? ஆயினும் மெச்சிய நெஞ்சில் ஒரு முள்ளும் தைத்தது. அது எம் பாட்டியாரைப் பற்றியது.

எம் பாட்டியார் 2016இல் காலமானார். அடையாளக் கார்டில் பிறந்த ஆண்டு 1924 என்றிருந்தது. அதுவும் அக்காலத்து எழுத்தர் முகத்தைப் பார்த்து மதித்து எழுதியதுதான். எண்பதைத் தாண்டியபின் அவருடைய வயது ஆண்டுக்கு இரண்டாக ஏறிற்று. மரண அறிவிப்பில் உறவினர் 98 என்று அச்சிட்டார்கள். உண்மை நமக்குத் தெரியும். மூடிப்போன தோட்டப் பள்ளியின் பழைய சேர்க்கை ஏடு, கறையான் அரித்த நிலையில், நம் ஆபீசு அலமாரியில் கிடக்கிறது. 1934இல் பள்ளியிற் சேர்ந்தபோது பாட்டியாருக்கு ஏழு வயது. ஆகவே இறந்தபோது எண்பத்தொன்பது. அந்த அறிவிப்பை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் நாமே. திருத்தாமல் கொடுத்தவரும் நாமே.

சதுக்கத்தில் ஒரு முதியவரிடம், விடுதிக்கார அம்மையாரை மொழிபெயர்க்கச் சொல்லி, வயதைக் கேட்டோம். எண்பத்துநான்கு என்றார். "நூற்றுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன்" என்றோம், விளையாட்டாக. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தம் தந்தையார் காலத்தில் ஊரார் பெரியவர்களுக்கு வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள், குறைத்துச் சொன்னால் மரியாதைக் குறைவு என்றார். அப்பொய் முதலில் விற்பனைக்காகப் பிறந்ததன்று, அன்பினாற் பிறந்தது. சந்தை அதைப் பின்னால் வந்து பொறுக்கிக்கொண்டது. எம் உறவினரும் அதே அன்பினால்தான் 98 என்று அச்சிட்டார்கள்.

மூன்றாம் நாள், வந்த வழியே திரும்பிக் கஹனூமா மேட்டில் இறங்கினோம். 1982இல் அமைத்த பொதொகார்ப்பஸ் தேசிய வனத்தின் வாயில் அங்கே இருக்கிறது. மேகம் தரையில் நடமாடும் காடு. வனக் காவலர் ஒருவர் பளபளக்கும் இலையுடைய சிறு மரமொன்றைக் காட்டி, "காஸ்கரில்யா" என்றார். சின்கோனா மரம்! தொடவேண்டாம் என்று சைகை செய்தார், நாமும் தொடவில்லை.

பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமீன் 1737இல் இம்மேட்டுக்கு வந்து இம்மரத்தை ஆராய்ந்து எழுதினார். லோஹாவின் பட்டை ஸ்பெயின் அரசரின் மருந்தகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பட்டைக்காக வெட்டி வெட்டி மரம் அருகிற்று. 1820இல் பெல்த்தியே, கவந்து என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். பின்னர் ஆங்கிலேயர் ஆண்டிஸ் மலையின் சின்கோனாவை நீலகிரிக்கும், ஒல்லாந்தர் ஜாவாவுக்கும் கொண்டுசென்று பயிரிட்டனர். உலகின் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வரலாயிற்று.

அந்தக் கொயினாதான் மலாயாத் தோட்டங்களின் பெரட்டுக் களத்துக்கு வந்தது. காட்டை அழித்து ரப்பர் நட்ட இடங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. டிரெஸ்ஸர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மருந்தை வாயிலிட்டு, விழுங்கினார்களா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். பாட்டியார் அதைச் சொல்லும்போதெல்லாம், எழுபதாண்டுக்குப் பின்னும், முகத்தைச் சுளிப்பார். 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று; தோட்டத்திலும் மருந்துக்குப் பஞ்சம் வந்தது. 1943இல் பாட்டியாரின் தமையனாரைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாண்ட பல்லாயிரம் தமிழருள் அவரும் ஒருவர். காய்ச்சல் என்று மட்டும், உடன்போய்த் திரும்பியவர் வந்து சொன்னாராம்.

அம்மரத்தின் முன் நெடுநேரம் நின்றோம். ஆயுளைக் கூட்டாத தண்ணீருக்குக் கீழே கடைகள். ஆயுளை மெய்யாகவே கூட்டிய மரத்துக்கு மேலே மேகமும் ஒரு காவலரும். இனிக்கும் பொய்யை மனிதன் விலை கொடுத்து வாங்குகிறான். கசக்கும் மெய்யை நாக்கைப் பிடித்துத்தான் ஊட்டவேண்டியிருக்கிறது. பாட்டியாரின் எண்பத்தொன்பது ஆண்டில் அந்தக் கசப்புக்கு ஒரு பங்குண்டு. அந்த எண்பத்தொன்பதுக்கு மேல் நாம் ஒட்டவைத்த ஒன்பது ஆண்டு, அவர் வாழ்ந்ததைப் பெரிதாக்கவில்லை. வாழ்ந்தது போதாதென்று சொல்லிற்று.

ஊர் திரும்பியதும் கூடத்திலிருந்த பாட்டியாரின் படத்தை இறக்கி, கீழே 1927–2016 என்று எழுதி மாட்டினோம். அத்தை பார்த்துவிட்டார். "என்னப்பா, அம்மா வயசைக் குறைச்சிட்டியே!" என்று வருந்தினார். பள்ளி ஏட்டைக் கொண்டுவந்து காட்டி, மலையையும் மரத்தையும் பற்றிச் சொன்னோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சயாமுக்குப் போனாரே மாமா, அவருக்கு அப்போ என்ன வயசு? அதையும் இதிலே பார்த்துச் சொல்லு" என்றார்.

அதே பக்கத்தில், பாட்டியாரின் பெயருக்கு ஒரு வரி மேலே, அவர் பெயர் இருந்தது. ஒரே நாளில் சேர்ந்திருக்கிறார்கள். அவருக்கு அப்போது ஒன்பது வயது. கணக்கிட்டுப் பார்த்துச் சொன்னோம்: பதினெட்டு.