கேளாது கூறிய தீர்ப்பு

தீர விசாரித்து அறிவதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைப் பன்முறை பிறர்க்கு எடுத்துரைத்தவன் யான். ஆயினும், என் செவிக்கு மட்டும் அதனைக் கற்பிக்க மறந்துவிட்டேன் என்பது, சென்ற ஆண்டு விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் விளங்கிற்று. அதனை மறையாது எழுதுகின்றேன்.

வயலின் பயிலும் என் நண்பன் ஒருவன், ஒரு மேனாட்டுச் சிம்பனியின் ஒலிப்பதிவை என்னிடம் அளித்துக் கருத்துரைக்குமாறு வேண்டினான். அது புளோரன்ஸ் பிரைஸ் என்னும் அமெரிக்க மாது இயற்றிய முதற் சிம்பனி. நான்கு பகுதிகளை உடையது. ஏறக்குறைய 40 நிமிஷம் நிகழ்வது. மறுநாள் யான் பெரிய ரசிகனைப்போல், "இது துவோர்ஷாக் இயற்றிய புதிய உலகச் சிம்பனியின் சாயலேயன்றி வேறன்று. அதுவும் ஈ மைனர். இதுவும் ஈ மைனர். அதிலும் ஐந்து சுரங்களாலாகிய நாட்டுப்பாடல் மணம், இதிலும் அதுவே" என்றேன். நண்பன் சினவாமல், "நன்று, மூன்றாம் பகுதி எங்ஙனம் இருந்தது?" என்று வினவினான். யான் வாயடைத்து நின்றேன். இரண்டாம் பகுதியின் இடையிலேயே கேட்பதை நிறுத்திவிட்டிருந்தேன்!

அதன்பின் அவன் அம்மாதின் வரலாற்றைக் கூறினான். புளோரன்ஸ் பிரைஸ் 1887-ஆம் ஆண்டில் அர்க்கன்ஸாஸ் மாகாணத்து லிட்டில் ராக் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். பாஸ்டன் நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் பயின்று 1906-இல் தேர்ச்சி பெற்றார். 1927-இல் லிட்டில் ராக்கில் வெறிகொண்ட கூட்டமொன்று கறுப்பர் ஒருவரைக் கொன்றது. அவ்வாண்டே பிரைஸ் குடும்பத்தார் சிக்காகோவிற்குக் குடிபெயர்ந்தனர். அங்கு அவர் கணவரைப் பிரிந்து, பெண்மக்கள் இருவரை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்தும் பொருளீட்டினார். 1931 ஜனவரியில் கால் எலும்பு முறிந்து கிடந்த நாட்களில் இச்சிம்பனியை எழுதத் தொடங்கினார். 1932-இல் இது வானமேக்கர் போட்டியில் முதற்பரிசாகிய 500 டாலரைப் பெற்றது. 1933 ஜூன் 15-ஆம் நாள் பிரெடரிக் ஸ்டாக் என்பவரின் தலைமையில் சிக்காகோ சிம்பனி வாத்தியக்குழுவினர் இதனை அரங்கேற்றினர். அமெரிக்காவின் பெரிய வாத்தியக்குழு ஒன்று கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பனியை வாசித்தது அதுவே முதன்முறை.

அன்றிரவே சிம்பனியை முழுதும் கேட்டேன். முதற்பகுதியில் பஸூன் என்னும் தாழ்ந்த குரலுடைய குழல், ஐந்து சுரங்களாலாகிய பாட்டொன்றைத் தனிமையாகத் தொடங்குகின்றது. பின்னர் ஹார்ன் மற்றொரு பாட்டை அமைதியாக எடுக்கின்றது. இரண்டாம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் ஒருங்குகூடி ஒரு ஞானப்பாட்டைப் பாடுவதுபோல் இசைக்க, மரக்குழல்கள் அவற்றிற்கு மறுமொழி கூறுகின்றன. ஊடே முரசொலி கேட்கின்றது. முடிவில் கோயில் மணியோசை எழுகின்றது. ஆலயத்தில் பாடகர் குழுவிலே பாடிப் பழகிய எனக்கு, இதனைக் கேளாமல் நிறுத்தியதை எண்ண நாணமுண்டாயிற்று.

மூன்றாம் பகுதியே என் தீர்ப்பைத் தலைகீழாக்கிற்று. சிம்பனிகளில் அவ்விடத்தில் ஐரோப்பியர் ஸ்கெர்ட்ஸோ என்னும் விரைந்த நடையை அமைப்பது வழக்கம். பிரைஸ் அம்மையாரோ, 'ஜூபா' என்னும் ஆடலை அங்கு வைத்தார். அமெரிக்கத் தென்னாட்டில் பலவிடங்களில் அடிமைகளுக்குப் பறை மறுக்கப்பட்டது. பறையை இழந்தோர் கைகொட்டியும், தொடையிலும் மார்பிலும் அறைந்தும், காலால் நிலத்தை உதைத்தும் தாளமிட்டு ஆடினர். உடலே முழவாயிற்று. அத்தாளத்தின்மேல் வயலின்கள் துள்ளுகின்றன. ஆப்பிரிக்க முழவுகளும் சீழ்க்கைக்குழலும் உடன் ஒலிக்கின்றன. நான்காம் பகுதி சுழற்காற்றெனச் சுழன்றோடி முடிகின்றது.

அமெரிக்க இசை கறுப்பினத்தாரின் பாடல்களின்மீது எழவேண்டும் என்று 1893-இல் கூறியவர் துவோர்ஷாக். அவர் விருந்தினராக வந்து கேட்டதைப் பிரைஸ் அம்மையார் தம் மூதாதையர் சொத்தாகப் பெற்றிருந்தார். சாயலென்று யான் இகழ்ந்தது, அப்பெரியாரின் சொல்லுக்கு அவ்வினத்தாரில் ஒருவரே அளித்த விடையாகும்.

1943-இல் அவர் பாஸ்டன் வாத்தியக்குழுவின் தலைவராகிய கூஸெவிட்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குப் பெண்மை, இனம் என்னும் இரு தடைகள் உண்டென முதலிலேயே கூறிவிட்டு, சலுகை வேண்டாம், தகுதி ஒன்றையே கொண்டு தம் நூல்களை ஆராய்தல் போதும் என்று அவர் வேண்டினார். கூஸெவிட்ஸ்கி அவருடைய சிம்பனி ஒன்றையும் அரங்கேற்றவில்லை. 1953-இல் அம்மையார் மறைந்தார். 2009-இல், இல்லினாய் மாகாணத்தில் அவர் கோடையில் தங்கிய, பாழடைந்த வீடொன்றில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல கிடைத்தன. நான்காம் சிம்பனியும் வயலின் கச்சேரி நூல்கள் இரண்டும் அவற்றுள் இருந்தன. 2021-இல் பிலடெல்பியா வாத்தியக்குழு முதல், மூன்றாம் சிம்பனிகளைப் பதிவுசெய்து வெளியிட்டது. அப்பதிவு அடுத்த ஆண்டில் கிராமி பரிசு பெற்றது.

இவ்வரலாற்றைக் கேட்டபின் இரக்கத்தால் புகழ்தலும் எளிதே. அதுவும் பிழையென்றே கருதுகின்றேன். இகழ்ச்சியும் இரக்கமும் நூலை முழுதும் கேளாமலே கூறத்தக்கவை. அம்மையார் வேண்டியது அவ்விரண்டையும் அன்று; நம் செவியை. பாஸ்டன் பெரியவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. பாதியில் நிறுத்திய யானும் அவ்வழியில் நின்றவனே. நண்பன் சினவாது கேட்ட ஒரு கேள்வியால் எனக்கு 40 நிமிஷமும் கேட்கும் பேறு கிட்டியது. அவனுக்கு என் நன்றி.