அப்பாவின் ஒப்பு

வாதி, திருவனந்தபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. முதல் பிரதிவாதி, அங்கே டீம் லீடராக இருந்து வேலையை விட்டவன். இரண்டாம் பிரதிவாதி அவனுடைய அப்பா. நாற்பது சென்ட் ரப்பரும் ஒரு ஓட்டு வீடும் உள்ளவர். மகன் எழுதிக் கொடுத்த பாண்டில் ஜாமீன்தாரராக அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். வழக்கைத் திருவனந்தபுரத்திலேயே போட்டிருக்கலாம். ஆனால் டிகிரி கிடைத்தால் ஜப்தி செய்வதற்கென்று இருந்த ஒரே சொத்து மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர். அதனால்தான் சமூக வலைதளப் பதிவுகளை வடிகட்டும் தொழிலைப் பற்றிய ஒரு தகராறு, பாகப்பிரிவினையும் வழிப்பாதைத் தகராறும் நிறைந்த குழித்துறை கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் பேசியது அப்பாதான்.

"வக்கீல் சாரே, மாசம் ஒண்ணே முக்கால் லட்சம் சம்பளம். அதக் களஞ்சிட்டு வந்து நிக்கான். என்னலேன்னு கேட்டா மனசு ஒப்பல்லங்கான். எனக்க ஒப்பும் அந்தக் கடலாசுல கெடக்கு."

மகன் பேசாமல் இருந்தான். அப்பா டீ குடிக்க வெளியே போன பிறகு விஷயத்தைச் சொன்னான். தமிழிலும் மலையாளத்திலும் வரும் பதிவுகளில் யாராவது புகார் செய்தவை, இயந்திரம் சந்தேகப்பட்டவை எல்லாம் அவன் டீமுக்கு வரிசையாக வரும். தூக்குவதா, விடுவதா, மேலே அனுப்புவதா என்று சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும். அவன் அந்த வீடியோக்களைப் பார்ப்பவன் இல்லை, பார்ப்பவர்களை அளப்பவன். எத்தனை பார்த்தார்கள், எத்தனை தப்பு, இருக்கையை விட்டு எழுந்தது எத்தனை நிமிடம் என்று வாராவாரம் ஒரு பட்டியலில் கையெழுத்திட வேண்டும். மனநலத்துக்கென்று ஒதுக்கிய நிமிடங்கள் உண்டு. அதைத் தாண்டினால் மதிப்பெண் குறையும்.

"சின்னக் குழந்தைய வச்சு எடுத்த வீடியோ சார். அதப் பாத்துட்டு ஒரு பொண்ணு பாத்ரூமுக்குப் போயி ரொம்ப நேரம் வரல்ல. அதுக்கு நான் மார்க் குறைச்சேன். அடுத்த வாரம் அவ எந்திரிக்கவே இல்ல. மார்க் கூடிப்போச்சு."

அந்தப் பட்டியலில் இனிக் கையெழுத்திட மாட்டேன், வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். கொடுக்கவில்லை. மூன்று மாத நோட்டீஸில் ஒரு மாதம் முடிந்ததும் வந்துவிட்டான். மீதி நோட்டீஸ் காலச் சம்பளம், டீம் லீடர் பயிற்சிக்காக எழுதி வாங்கிய பாண்ட் தொகை ஐந்து லட்சம், இரண்டுக்கும் வட்டி என்று பிராது கேட்டது.

எதிர்வழக்குரைக்கு அவனே வரைவு எழுதிக்கொண்டு வந்தான். நான்கு பக்கமும் மனசாட்சி. 2020 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் இருந்த அசோக் சந்த்வானி என்ற பொறியாளர், வெறுப்பில் லாபம் பார்க்கும் இடத்தில் இனி வேலை செய்ய முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார். அதையும் குறிப்பிட்டிருந்தான். அநேகமாக எல்லாவற்றையும் அடித்தேன். வேலையை விட்டவன் ஏன் விட்டான் என்று சிவில் கோர்ட் கேட்பதில்லை. ஒப்பந்தம் என்ன, மீறல் உண்டா, நஷ்டம் எவ்வளவு என்றுதான் கேட்கும். காரணத்தை விரித்து எழுதினால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினான் என்று இன்னொரு வழக்கு வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தரட்டுமா என்றான். எழுந்து கதவைச் சாத்தினேன். குழந்தைகளை அப்படிக் காட்டும் படத்தை வைத்திருப்பதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யில் குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்கை எடுத்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் போக்சோவின்படி சேமித்து வைப்பதும் குற்றமாகும் என்று இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அவனுடைய நியாயத்துக்கான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் காட்ட முடியாத சாட்சியம்.

எனக்கு வேண்டியது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. பாண்டில் ஐந்து லட்சம் என்று எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும். 1963-ல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-ல் கைலாஷ்நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. பயிற்சிக்கு என்ன செலவானது என்று அவர்கள் காட்டட்டும் என்பதே என் திட்டம்.

விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு வந்தது. பணம் ஒரு பைசா வேண்டாம். கம்பெனியைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எங்கும் எப்போதும் பேசுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். கையெழுத்துப் போடு என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவன் மறுத்தான். ஃபேஸ்புக்கில் போலிக் கணக்குகளைத் துப்பறிந்த சோஃபி ஜாங், 2020-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, பழித்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த சுமார் 64,000 டாலரை வேண்டாம் என்றவர். அந்தக் கதையை அவன் எனக்குச் சொன்னான். அந்தம்மாவுக்கு ஜாமீன் போட்ட அப்பா உண்டா என்று நான் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அப்படியும் அவன் கையெழுத்துப் போடவில்லை.

வாதி தரப்புச் சாட்சியாக அவர்களுடைய மனிதவள மேலாளர் வந்தார். வாவுபலி பொருட்காட்சி நேரம். மார்த்தாண்டத்து நெரிசலில் மாட்டி, வியர்த்து, தாமதமாகக் கூண்டேறினார். பயிற்சிச் செலவுக்கு ரசீது உண்டா என்றேன். உள்ளேயே நடத்திய பயிற்சி என்றார். வெளி ஆள் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? இல்லை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் கட்சிக்காரனின் கோப்பில் இன்னொரு காகிதம் இருந்தது. இந்த வேலையில் பார்க்க நேரும் காட்சிகள் மனநலத்தைப் பாதிக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே சம்மதிக்கிறேன் என்ற படிவம். 2020 தொடக்கத்தில், யூடியூபுக்காக வேலை செய்த அக்சென்ச்சர் ஊழியர்களிடம் அமெரிக்காவில் இப்படியொரு வாசகத்தில் கையெழுத்து வாங்கியது செய்தியானது. பின்னால் வழக்கு வந்தால் "சொல்லித்தானே சேர்த்தோம்" என்று காட்டுவதற்கான காகிதம் என்பதுதான் என் அபிப்பிராயம். சாட்சியிடம் காட்டி, அதிலிருந்த கம்பெனி முத்திரையை ஒப்புக்கொள்ள வைத்து, சான்றாவணமாகக் குறியீடு செய்தேன்.

நீதிபதி அதை வாங்கி மெதுவாகப் படித்தார். பிறகு அவரே கேட்டார்: "இது எந்தத் தேதியில் வாங்கியது? பாண்ட் எந்தத் தேதி?"

"ரெண்டும் ஒரே நாள்."

"ஜாமீன்தாரருக்கு எது காட்டினீர்கள்?"

"பாண்ட் மட்டும்."

மனதைக் கெடுக்கலாம் என்று ஒரு காகிதம், இரண்டு வருடம் வெளியே போகக் கூடாது என்று இன்னொரு காகிதம். இரண்டாவதை மட்டும் அப்பாவிடம் நீட்டியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவைப் பிடித்தார்: கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நான் 143-ஐ வாசித்தேன். முக்கியமான ஒரு சூழ்நிலையைச் சொல்லாமல் மறைத்து வாங்கிய ஜாமீன் செல்லாது. நம் கோர்ட்டுகளில் அடிக்கடி எடுபடாத பிரிவு. மௌனத்தை மறைப்பு என்று நிரூபிப்பது சிரமம். இங்கே கம்பெனியின் முத்திரையே நிரூபித்துவிட்டது. மனசாட்சி என்று நான் அடித்த நான்கு பக்கமும், வாதியின் சொந்தக் காகிதம் வழியாகக் கோர்ட்டுக்குள் வந்துவிட்டது.

தீர்ப்பில் பாண்ட் தொகை தள்ளுபடி ஆனது, நஷ்டம் நிரூபிக்கவில்லை என்று. மீதி நோட்டீஸ் காலச் சம்பளமும் வட்டியும் மகன் தர வேண்டும். அப்பாவின் பெயரில் எதுவும் இல்லை. அவர்கள் அப்பீல் போகவில்லை. இன்றைக்கு இதே வழக்கு வந்தால் கொஞ்சம் பயப்படுவேன். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவு என்றெல்லாம் வேறுபடுத்திக் காட்டலாம். காட்டித்தான் ஆக வேண்டும்.

மற்ற ஊர்களில் இந்தத் தொழிலாளர்கள் வாதிகளாகப் போகிறார்கள். கலிபோர்னியாவில் செலீனா ஸ்கோலா 2018-ல் தொடுத்த வழக்கில் ஃபேஸ்புக் 2020-ல் 52 மில்லியன் டாலருக்கு இறங்கி வந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பங்கு. நைரோபியில் டேனியல் மோட்டாங் 2022-ல் தொடுத்தபோது, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கென்யக் கம்பெனியே இல்லையே என்ற வாதத்தைக் கென்ய நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் வராத அந்தப் பெண் எந்தக் கோர்ட்டிலும் வாதியாகவில்லை. அவள் பெயரை என்னிடம்கூட அவன் சொல்லவில்லை.

தொகையைத் தவணையில் கட்டி முடித்தான். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறான். அங்கே என்ன சம்பளம் என்று யாராவது கேட்டால், அப்பா ரப்பர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.