காற்றை நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

வைகாசி கழிந்து ஆனி பிறந்ததும், செங்கோட்டைக் கணவாயின் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தைச் சாரலால் நனைக்கிறது. தென்காசியைக் கடந்து கிழக்கே சென்று, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

2012இல் தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தபோது, கைவிசிறியும் கையுமாக இருந்த என் உம்மா கேட்டார்கள்: “இத்தனை காற்றாடிகளை நட்டு வைத்தும் நம் வீட்டு விசிறி ஏனம்மா சுற்றவில்லை?”

நியாயமான கேள்விதான். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால், அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகமேனும் இல்லாவிடில் இறக்கை பயன்தரச் சுழலாது. ஏறக்குறைய இருபத்தைந்து மீட்டரைத் தாண்டினாலோ, பாதுகாப்புக்காக இயந்திரம் தானே நின்றுவிடும். இன்று தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆனால் ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது.

உம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். வளைகுடாவில் உழைக்கும் கணவர் ஒரு மாதம் நிறைய அனுப்புவார். மறுமாதம் ஒன்றும் வராது. அதற்காக அவரை நம்பத்தகாதவர் என்று எந்த மனைவியும் சொல்வதில்லை. மிகுதியாக வந்த மாதத்தை அளவுகோலாகக் கொண்டு கடை பாக்கியும் வைப்பதில்லை. ஆண்டுச் சராசரியை அறிந்து, வந்தபோது சேமித்து, வராதபோது கைகொடுக்க வேறு வழியும் வைத்திருப்பாள்.

மின்சாரத்துக்கும் அந்தச் சிக்கனம் வேண்டும். ஆனைமலைப் பகுதியிலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி வைத்து, தேவையானபோது கீழிறக்கி மின்சாரம் தருகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தபின், பிற மாநிலங்களோடு கொடுக்கல் வாங்கலும் எளிதாயிற்று.

அனல்மின் நிலையமும் பழுதாகும். அப்போது நூற்றுக்கணக்கான மெகாவாட் ஒரே நொடியில் நின்றுபோகும். பரந்து கிடக்கும் காற்றாலைகளோ பெரும்பாலும் படிப்படியாகவே தணிகின்றன. அதை முன்னாளே ஓரளவு கணித்துவிடவும் முடிகிறது. ஆகவே, எத்தனை காற்றாலைகள் நட்டோம் என்று கேட்பதோடு நில்லாமல், காற்று ஓயும் மாலையில் எது கைகொடுக்கும் என்றும் கேட்போம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு விளக்கெரிவது இரண்டாவது கேள்வியின் விடையைப் பொறுத்தே இருக்கிறது.