ஆயாவின் இடது கண்

தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடி முன்னோருக்குப் படையல் போடணும், ஆயா படம் வேணும்னு அம்மா ஆரம்பிச்சாங்க. எங்க ஆயா (அப்பாவோட அம்மா) போய்ச் சேர்ந்தது 1999-ல. எனக்கு அப்போ ரெண்டு வயசு. வீட்டுல தேடினா அவங்க இருக்கிற ஒரே போட்டோ அப்பா கல்யாண குரூப் போட்டோதான். அதுலயும் ஓரத்துல, கட்டைவிரல் நகம் அளவுக்கு முகம். போதாக்குறைக்கு இடது கண்ணு மேல பூஞ்சை பிடிச்சு வெள்ளையா ஒரு திட்டு.

"நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, சரி பண்ணு"ன்னுட்டாங்க. பொட்டி தட்டுறவனுக்குப் பொட்டியில எல்லாமே தெரியும்னு ஒரு நம்பிக்கை. நந்தனம் சிக்னல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி, கிம்ப் மென்பொருள்ல திறந்தேன்.

முறை ரொம்ப எளிசுதான் மக்களே. போட்டோவை அடியில வெச்சு லாக் பண்ணிடணும். அதுக்கு மேல முழு வெள்ளையா ஒரு லேயர், அதோட அடர்த்தியை அறுபது சதவீதத்துக்குக் குறைச்சா போட்டோ பனிக்குள்ள தெரியிற மாதிரி மங்கும். அதுக்கும் மேல ஒண்ணுமே இல்லாத ஒரு லேயர். கோடெல்லாம் அதுலதான். சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடியில பேப்பரை ஒட்டி வெளிச்சத்துல படம் வரைஞ்சிருப்பீங்களே, அதேதான். என்ன, தாடைக்கு ஒரு லேயர், முடிக்கு ஒண்ணு, புடவைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சா ஒண்ணு சொதப்பினாலும் மத்தது தப்பிக்கும்.

(முதல் ராத்திரி வேலையை ஜேபெக்கா மட்டும் எடுத்துட்டு, தூக்கக் கலக்கத்துல சேமிக்காம மூடிட்டேன். ஜேபெக்ல லேயர் எல்லாம் ஒண்ணா ஒட்டிப் போயிடும். மறுபடி முதல்ல இருந்து. எக்ஸ்சிஎஃப்-ஆ சேமிங்கப்பா.)

மூக்கு, வாய், மூக்குத்தி எல்லாம் வந்துடுச்சு. இடது கண்ணுதான் இல்லை. நான் என்ன பண்ணினேன்? வலது கண்ணைக் காப்பி எடுத்து, இடவலமாத் திருப்பி, அந்த இடத்துல வெச்சுட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்பா பார்த்துட்டு, "சூப்பரா இருக்குடா"ன்னார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

ஞாயித்துக்கிழமை பெரியப்பா வந்தார். பெரியப்பா பழைய சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். 1994-ல ஃபோட்டோஷாப் 3.0-ல லேயர் வசதி வந்தப்போ அவர் அண்ணா சாலை பேனருக்குக் கதாநாயகன் முகம் வரைஞ்சுட்டு இருந்தார். கையளவு ஸ்டில் மேல கட்டம் போட்டு, சாக்பீஸ் தூள் தடவின நூலைத் துணியில அடிச்சு அதே கட்டத்தைப் பெருசாப் போட்டு, ஒவ்வொரு கட்டமாப் பார்த்து வரையறது. அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. கம்பெனியை மூடினாங்க. பெரியப்பா வாட்ச்மேன் ஆனார். எங்க வீட்டுல அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. அவருக்குச் சம்பாதிக்கத் தெரியலைங்கிற மாதிரி ஒரு மௌனம். அந்த மௌனத்துல நானும் சேர்த்திதான்.

திரையைப் பார்த்தவர் கேட்டார், "யாருடா இது?"

"ஆயா, பெரியப்பா."

"லைட்டு வலது பக்கத்துல இருந்து வருது. ஒரு கண்ணுல புள்ளி வலப்பக்கம் இருக்கு, இன்னொண்ணுல இடப்பக்கம் இருக்கு. ரெண்டு சூரியனா?"

அசடு வழிஞ்சேன். அவர் விடலை. "அதை விடு. எங்கம்மாவுக்கு இடது இமை பாதிக்கு மேல தூக்காது. அதனாலதான் போட்டோன்னாலே ஓடிடும். குரூப்லகூட ஓரமா நிக்குது பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துட்டு, "படத்துலயாவது நல்லா இருக்கட்டுமேண்ணா"ன்னார்.

"இருபது வருசம் ஊருக்கெல்லாம் மூக்கும் கண்ணும் திருத்தினவன்டா நான். எங்கம்மாவுக்குப் பண்ண மாட்டேன்."

யாரும் பேசலை. அம்மா காபி எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போயிட்டாங்க. பெரியப்பா கேஸ் பில்லைத் திருப்பிப் போட்டு, என் பால்பாயிண்ட் பேனாவை வாங்கினார். கை லேசா நடுங்குது. ஆனா பேனா பேப்பர்ல பட்டதும் நடுக்கம் நின்னு போச்சு, சத்தியமா. இமை ஒரு கோடு, கீழ ரெண்டு சுருக்கம், பாதி தெரியிற கருவிழி. நாலு நிமிஷம் இருக்கும். போன்ல படம் எடுத்து, ஃபைல்ல புது லேயராப் போட்டு, அளவு சரி பண்ணி, மேலேயே வரைஞ்சேன்.

ரெண்டு கண்ணையும் ஃபைல்ல வெச்சிருக்கேன். 'இடது கண் – அப்பா', 'இடது கண் – பெரியப்பா'. எதைப் பிரிண்ட் போடறதுன்னு நான் கேட்கலை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்தார். "அதைக் காட்டு." பெரியப்பா லேயரை ஆன் பண்ணினேன். "ஆஃப் பண்ணு." பண்ணினேன். "திரும்பப் போடு." இப்படி அஞ்சாறு தடவை. அப்புறம், "இன்னும் கொஞ்சம் பெருசாக்கு"ன்னார். முகம் திரை முழுக்க வந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணன் போட்டதையே எடு. கண்ணாடிக்கு அவனையே கூட்டிட்டுப் போ, ஏமாத்திடுவானுங்க."

தி.நகர்ல ஃப்ரேம் கடைக்காரர்கிட்ட பெரியப்பா அரை மணி நேரம் சண்டை போட்டார். கண்ணாடி பளபளக்கக் கூடாதாம்.