பீரோவின் கால்

பழைய பீரோ பட்டறைக்கு வந்ததும் முதலில் அதைக் குப்புறச் சாய்ப்பேன். கொண்டுவந்தவர்கள் பதறுவார்கள். "முன்பக்கம்தானே தம்பி பளபளன்னு வரணும்?" முன்பக்கம் எங்கும் ஓடிப்போகாது. நான் பார்க்க வேண்டியது காலை. வீடு துடைக்கும்போதெல்லாம் ஈரத்துணி போய் முட்டுவது அங்கேதான். அடித்தகட்டின் மடிப்புக்குள் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. எங்கள் நாகப்பட்டினத்தில் காற்றிலேயே உப்பு. மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும்போதே அடியில் தகடு பொரிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டுவேன். 'டங்' என்றால் இரும்பு, 'சொத்' என்றால் துரு. பீரோத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதிலும் பாதி துருவாகியிருந்தால் என்னிடம் வேலை இல்லை, வெல்டிங்காரரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

அடுத்து, உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவேன். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. தொழிலுக்கு வந்த புதிதில், கடற்கரைப் பக்கத்து வீட்டுப் பீரோ ஒன்றைக் கழுவாமலே தேய்த்து, அடித்துக் கொடுத்தேன். ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் கதவெல்லாம் அம்மை போட்டதுபோல் கொப்புளம். பெயிண்டுக்கு அடியில் தங்கிய உப்பு, ஈரத்தை உள்ளே இழுத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து செய்து கொடுத்தேன், கூலி கேட்க வாய் வரவில்லை.

தேய்க்கத் தேய்க்க நிறங்கள் வரிசையாக வரும். மேலே காப்பி நிறம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் சாம்பல். ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஒரு கல்யாணமோ குடிபோவதோ நடந்த வருஷமாக இருக்கும். கோத்ரேஜ் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. இன்று உள்ளூர்ப் பட்டறையில் மடித்த பீரோவையும் ஜனங்கள் 'கோத்ரேஜ்' என்றுதான் கொண்டுவருகிறார்கள். முன்பெல்லாம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உலரவே தேய்ப்போம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் பச்சையாக வரும். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கும் என்பது அப்போது தெரியாது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி வீட்டுப் பெயிண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். இப்போது வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்கிறேன், தூசி பறக்காது.

அதில் வேறொரு தொல்லை. தண்ணீர் பட்ட வெறும் தகடு, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழுப்பேறும். உடனே துடைத்து, வெயிலில் காட்டி, தின்னர் துணியால் ஒற்றி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. வியர்வையும் உப்புதானே.

பள்ளங்களுக்குப் பட்டி வைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனமாக அப்பினால் ஒருநாள் பாளமாக விழும், அவ்வளவுதான்.

டக்கோ பெயிண்ட் சீக்கிரம் காயும் என்று அதைக் கேட்பவர்கள் உண்டு. பழைய எனாமல் மேல் அதை அடித்தால், அதன் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பி வெங்காய வடகம்போல் சுருட்டிவிடும். மழைநாளில் இன்னொரு வம்பு: தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெளுத்துப்போகும். எனக்கு எனாமல் போதும். இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஒரு ராத்திரி.

உள்பக்கம் துருப் பிடிக்காதவரை அடிக்க மாட்டேன். அந்த வாடை பட்டுப்புடவையில் ஏறினால் லேசில் போகாது. அடிப்பக்கத்துக்கு மட்டும் மூன்றாவது கோட், அதற்குக் காசு வாங்குவதில்லை.

போன மாதம் ஓர் அம்மா பீரோவை எடுக்க வந்தார். கதவில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். காலுக்கு அடியில் வைக்க நாலு மரக்கட்டையை நீட்டினேன்.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னா கட்டை விக்கிறியா தம்பி?"

"சும்மாதாம்மா. தரை துடைக்கிற தண்ணி படக் கூடாதில்ல?"

ஆட்டோ கிளம்பும்போது கட்டைகளை மறக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.