சிங்கமீன் இறால் தின்ற நாள்

பதினோரு நாள் பட்டினி. வீட்டுக் கூடத்தில், கடல்நீர்த் தொட்டியின் மூலையில் எங்கள் சிங்கமீன் அசையாமல் நின்றது. 1985-இல் புளோரிடா கரையோரம் தலைகாட்டி, இன்று அங்கே கண்ட மீனையெல்லாம் விழுங்கித் தீர்க்கும் இனம் இது! எனக்குச் சோறு இறங்கவில்லை.

உயிருள்ள கப்பி மீனைப் போட்டால் தின்றுவிடும். ஆனால் நன்னீர் மீனில் இதற்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் போதாது. தங்கமீனிலோ தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினையே அழித்துவிடும். அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

இறாலை ஓடு நீக்கி, நக அளவு நறுக்கி, முனை மழுக்கிய தென்னை ஈர்க்கில் செருகினேன். சிங்கமீனின் முதுகில் 13 விஷ முள், கையை உள்ளே விடவே கூடாது. அந்தியில், அது வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில், விளக்கை அணைத்து, உயிருள்ளது போல மெல்ல ஆட்டினேன். மூன்று மாலை திரும்பியே பார்க்கவில்லை.

நாலாம் நாள் துடுப்பை விசிறியாக விரித்து வந்தது. நின்றது. வாய் திறந்தது கண்ணுக்கே தெரியவில்லை. ஈர்க்கு வெறுமையாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: “தின்னுச்சாடா?”

“தின்னுடுச்சும்மா!”

இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை, இறாலும் கணவாயும் மாற்றி மாற்றி. ஈர்க்கைக் கண்டாலே கண்ணாடியோரம் வந்துவிடுகிறது.