பென்சிலால் எழுதி வையுங்கள்

என் பேரன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பிரிவில் இருக்கிறான். ஓர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னான்: "தாத்தா, நாங்க செய்யிற ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு எங்கயாவது உடைஞ்சாலும், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த லாட் இரும்புன்னு எடுத்துடுவோம்." அவன் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இதே வட்டாரத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் போர்டு எழுதியவன் நான். ஸ்ரீபெரும்புதூர் தேரடியிலிருந்து வாலாஜாபாத் வரை அரிசி மில், சைக்கிள் கடை, டீக்கடை என்று தகரத்திலும் சுவரிலும் எழுதினேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியபோது சுற்றுவட்டாரத்தில் புதுக் கடைகள் முளைத்தன. இரவு பகல் பாராமல் எழுதினேன். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பிரஷ்ஷை மூட்டை கட்டிய வருத்தத்தில், எழுத்து வரைந்து பழகிய நோட்டுகள், கணக்குச் சீட்டுகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். அதைவிடப் பெரிய தவறு என் தொழிலில் நான் செய்ததில்லை.

என்னைப் போலவே போர்டு எழுதிய ஒருவர் அந்தத் தவறைச் செய்யவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதிய கையோடு, 1950 வாக்கிலிருந்து 1992இல் கண் மூடும்வரை அச்சடித்த தாளை எல்லாம் சேர்த்தார். புத்தகமும் இதழும் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் நறுக்கு என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் எடுத்து வைத்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கிறது. அவர் ஒரு தாளை "இது எதற்கு?" என்று கேட்டு ஒதுக்கியிருந்தால், தமிழ் நாடக மேடையின் கதையில் எத்தனை பக்கம் காணாமல் போயிருக்கும்!

ஓவியத்துக்கு இப்படித் தாளைச் சேர்த்து வைப்பது இன்னும் முக்கியம் என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. ஓர் ஓவியம் விற்றுப்போனாலும் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கும். ஓவியக் கண்காட்சி அப்படியில்லை. பத்து நாள் நடக்கும், ஆணியைப் பிடுங்கினால் முடிந்தது. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், யார் தேர்ந்தெடுத்தார், என்ன விலை சொன்னார்கள் என்பதெல்லாம் அழைப்பிதழிலும் விலைப்பட்டியலிலும் கடிதங்களிலும்தான் மிஞ்சும். காட்சியமைப்பையே தனிப் படிப்பாக்கி, அமெரிக்காவில் பார்ட் கல்லூரி 1990இல் ஒரு மையம் தொடங்கியது. ஆசிய ஓவியர்களின் தாள்களைத் தேடிச் சேர்க்க 2000இல் ஹாங்காங்கில் ஆசியக் கலை ஆவணக் காப்பகம் பிறந்தது. கலை விமர்சகர் கீதா கபூர், ஓவியர் விவான் சுந்தரம் இருவரும் வீட்டில் சேர்த்து வைத்த கடிதங்களையும் படங்களையும் அந்தக் காப்பகத்தார் கணினியில் ஏற்றி எல்லோரும் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். ஓவியரின் அலமாரி ஊருக்கே திறந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த கிராமம். பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். ஆனால் நான் வியப்பது வேறொன்றை. அந்த நிலத்துக்கு முன்பே, 1961இல், பணிக்கரும் இருந்த முற்போக்கு ஓவியர் சங்கத்தார் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்று ஓர் இதழ் தொடங்கிவிட்டார்கள். தங்கியிருக்க இடம் தேடுவதற்கு முன்னால் தங்கள் வேலையை எழுதி வைக்கத் தோன்றியிருக்கிறது. அந்த இதழ் இல்லாமல் சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றி இன்று யாரால் முழுதாக எழுத முடியும்?

இங்கே ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் படம் வரைகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், வீதி நாடகம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நோட்டீஸில் ஒரு படியாவது எடுத்து வையுங்கள். குண்டூசியும் ஜெம் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், கழற்றிவிடுங்கள். செல்லோடேப் பழுத்துக் கறையாகும்; லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: ஊர், ஆண்டு, யார் செய்தது. மை ஊறும், பென்சில் ஊறாது.

போன மாதம் பழைய பீரோவை வெள்ளையடிக்க நகர்த்தினோம். தட்டுகளில் விரித்திருந்த தாள்களைப் பேரன் உருவினான். என் கையெழுத்து! நோட்டிலிருந்து கிழித்து என் மனைவி என்றைக்கோ விரித்தவை, நான்கு தாள். மூன்றுக்கு ஊரும் ஆண்டும் ஞாபகம் வந்தது. அவனே பென்சிலால் எழுதினான். நான்காவது ஒரு மாவு மில். வல்லக்கோட்டைப் பக்கம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மில்காரர் மகன் அங்கேதான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.